ஆறு வார்டும் ஒரு ரெஸ்பான்சிபிலிட்டியும்

புன்னைக்கால்விளை சபையில் அதற்கு முன்னும் சண்டைகள் நடந்ததுண்டு. மணிக்கூண்டுக்கு என்ன நிறம் அடிப்பது என்று ஒன்று. அசன விருந்தில் ஆட்டு ஈரல் எந்த வார்டுக்குப் போவது என்று ஒன்று. கல்லறைத் தோட்டத்து வாசல் கிழக்கே பார்க்க வேண்டுமா மேற்கே பார்க்க வேண்டுமா என்று இன்னொன்று. இந்தக் கடைசிச் சண்டையில் முன்னே நின்ற இரண்டு பேர், தீர்ப்பு வருமுன்னே அந்த வாசல் வழியாக உள்ளே போய்ப் படுத்துவிட்டார்கள். ஆனாலும் மக்களே, ஒரு வார்த்தைக்காக, அதுவும் ஊரில் முக்கால்வாசிப் பேர் ஆயுளில் ஒருதரம்கூடச் சொல்லத் தேவைப்படாத ஓர் இங்கிலீஷ் வார்த்தைக்காக ஊர் அடித்துக்கொள்ளும் என்று யாரும் நினைக்கவில்லை. சத்தியபாய் நினைக்கவே இல்லை.

சத்தியபாய் ஆலடிவிளை முக்கில் ஏத்தன் வாழைக்காய் சிப்ஸ் போடுகிறவள். கணவன் தங்கையன் போய்ச் சேர்ந்தபோது மகள் ரெஜிஷா பத்தாம் வகுப்பு. அன்றைக்கு வைத்த எண்ணெய்ச் சட்டியை சத்தியபாய் அப்புறம் இறக்கவே இல்லை. ரெஜிஷா நர்சிங் படித்தாள். பெங்களூரில் வேலைக்குப் போனாள். இப்போது மெல்பர்ன் மாப்பிள்ளை ஷாஜனுக்கு நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் அங்கே போய் ஒரு தலைமுறை ஆகிவிட்டதால் கல்யாண ஆராதனை இங்கிலீஷில்தான் நடக்க வேண்டும் என்று பேச்சு.

அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. வேறெங்கும் தகப்பன் பெண்ணைக் கைபிடித்துக் கொடுப்பான். இங்கே தாய்தான் கொடுப்பாள். ஆதியில் வந்த மிஷனரி அம்மாள் தொடங்கி வைத்தது என்பார்கள். பெண்ணின் தாய் ஆல்டர் படியில் ஏறி நின்று, மகளின் கையை மாப்பிள்ளை கையில் வைத்து, ‘இன்று முதல் இந்தப் பொறுப்பை உம்முடைய கையில் ஒப்படைக்கிறேன்’ என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். சொல்லும்போது அழாத தாய் கிடையாது. அழுதுகொண்டே சொன்னாலும் சபை ‘ஆமென்’ என்று ஏற்றுக்கொள்ளும். தமிழ்க் கல்யாணம் மட்டும் நடந்த காலம்வரை இதில் ஒரு தொந்தரவும் இல்லை.

இங்கிலீஷ் ஆராதனையில் அந்தப் பொறுப்பு ‘ரெஸ்பான்சிபிலிட்டி’ ஆகிவிட்டது.

போன வருடம் ஓர் இங்கிலீஷ் கல்யாணத்தில் பெண்ணின் தாய் அந்த வார்த்தையைப் பாதியில் விட்டுவிட்டு, மீதியை ஏப்பம் மாதிரி முடித்தாள். மாப்பிள்ளையோடு வந்த தோழன் ஒருத்தன் சிரித்துவிட்டான். அவன் சிரித்தது அரை நிமிஷம். அதைப் பற்றிச் சபைக் கமிட்டி பேசியது மூன்று கூட்டம். முடிவில் ‘உச்சரிப்புக் கண்காணிப்புக் கமிட்டி’ என்று தனியாக ஒன்று பிறந்தது. இனி இங்கிலீஷ் ஆராதனையில் வாய் திறக்கிற எவரும் இந்தக் கமிட்டியின் சான்றிதழ் இல்லாமல் ஆல்டர் படியில் கால் வைக்கக் கூடாது.

கமிட்டிக்குச் செயலாளர் ஏசுஅடிமை. தங்கையனின் உயிர்த் தோழர். சவப்பெட்டிக்கு முன்தோள் கொடுத்தவர். அந்த நன்றியை சத்தியபாய் மறக்கவில்லை. சபைத் தேர்தலில் அவருடைய ‘சமாதான அணி’க்காக வீடு வீடாக ஏறி இறங்கி, பெண்கள் ஐக்கியத்து ஓட்டு முழுவதையும் வாங்கிக் கொடுத்தவள் அவள்தான். சபையில் இருக்கிற எல்லாச் சண்டையையும் தொடங்கியது சமாதான அணி. அதிலிருந்து பிரிந்துபோனது ‘ஒற்றுமை அணி’.

தொடக்க விழாவில் ஏசுஅடிமை மைக்கைப் பிடித்தார்.

“அன்பான சபை மக்களே! இங்கிலீஷ் வார்த்தைங்கது ரயில்வண்டி மாதிரி. ஒரே வார்த்தைக்குப் பல பெட்டி உண்டு. ஆனா ஒரு பெட்டிதான் ஏசி. அழுத்தம் எல்லாம் அங்கதான் குடுக்கணும். மத்த பெட்டியில இருக்கிற எழுத்து நெருக்கிக்கிட்டு நிண்ணாலும் நாம கண்டுக்கிடக் கூடாது. வெள்ளைக்காரன் இப்படி ஒருத்தனுக்கு மட்டும் மரியாதை குடுத்துத்தான் நாட்டை ஆண்டான். ஏசி பெட்டி எதுண்ணு தெரியாம ஏறினா டிடிஆர் இறக்கி விட்டுருவான். அந்த டிடிஆர் வேலையை நாங்க தியாக மனப்பான்மையோட ஏத்துக்கிட்டிருக்கோம். எனக்கு இங்கிலீஷ் பேசத் தெரியாதுண்ணு சில பேரு பின்னால சொல்லுதாவ. நான் கேக்கேன், தெரிஞ்சவன் பேசப் போயிருவான். தெரியாதவன்தானே நிண்ணு மேற்பார்வை பாக்க முடியும்?”

கைதட்டல் வெகுநேரம் நீடித்தது.

சத்தியபாய் அன்று சாயங்காலமே ஒரு பொட்டலம் சிப்ஸோடு அவர் வீட்டுக்குப் போனாள்.

“அண்ணா, எனக்க மோளுக்க கல்யாணம் இங்கிலீஷ்லயாம். எனக்குப் பேடியா இருக்கு.”

“ஏட்டி, நான் இருக்கியதுவரை உனக்கு என்ன பேடி?” என்றார் ஏசுஅடிமை, பொட்டலத்தைப் பிரித்தபடி. “தங்கையனுக்க மோளை நீதான் கைபிடிச்சுக் குடுப்ப. அது எனக்க வாக்கு. சும்மா ஒரு டெஸ்டு. அவ்வளவுதான்.”

“அந்த நீட்டு வார்த்தைக்குப் பதிலா சின்னதா வேற ஒண்ணு சொல்லப்பிடாதா அண்ணா? ‘கேர்’ணு ஒரு வார்த்தை உண்டுல்லா? எனக்க மோளு சொன்னா.”

ஏசுஅடிமை மெல்லுவதை நிறுத்தினார். “ஒரே துண்டு வார்த்தையா? சின்ன வார்த்தைக்குக் கமிட்டி எதுக்குப் பிள்ளே?”

அது சத்தியபாய்க்கும் நியாயமாகத்தான் பட்டது.

பயிற்சி ஞாயிறுப் பள்ளி அறையில் நடந்தது. கமிட்டி ஒரு பலகை செய்து வைத்திருந்தது. பெயர் தாடைப் பலகை. படிக்கிறவர் அதைத் தாடைக்குக் கீழே பிடித்துக்கொண்டு வார்த்தையைச் சொல்ல வேண்டும். தாடை எத்தனை தடவை பலகையில் முட்டுகிறதோ அத்தனை துண்டு. மணப்பெண்களின் தாய்மார் வரிசையாக பெஞ்சில் உட்கார்ந்து, தாடையில் பலகையைத் தாங்கி, மாடு அசைபோடுகிற மாதிரி ‘ரெஸ்… பான்… ஸி… பி… லி… டி’ என்று முட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருத்திக்குப் பொய்ப்பல் கழன்று பலகையில் விழுந்தது. அதை ஏழாவது துண்டாக எடுத்துக்கொள்வதா என்று கமிட்டி விவாதித்து, அவளைக் கூடுதல் துண்டுக்காகத் தோற்கடித்தது.

சத்தியபாய் வீட்டுக்கு வந்தும் விடவில்லை. போனில் அந்த வார்த்தையை அழுத்தினால் ஒரு பெண்குரல் சொல்லிக் காட்டும். நாலாவது துண்டான ‘பி’யில் அந்தக் குரல் ஏறி உட்காரும், மற்றதெல்லாம் வழுக்கிக்கொண்டு ஓடும். சட்டியில் நேராகக் காயைச் சீவிக்கொண்டே அவளும் கூடவே சொன்னாள். ரெஸ், பான், ஸி என்று மூன்று மெல்லிய வட்டம். ‘பி’ வரும்போது கை தன்னால் அழுந்தும். பிறகு லி, டி. அந்த மாதம் முழுவதும் ஆலடிவிளை முக்கில் சிப்ஸ் வாங்கியவர்களுக்கு இடையிடையே ஒன்று தடியாக, வேகாமல் வந்தது.

“சத்தியபாய் அக்கா, இதென்னது? சிப்ஸா, அவியலுக்கு வெட்டினதா?” என்று ஆட்டோக்காரர் ஒருவர் கேட்டார்.

“ஸ்ட்ரெஸ்ஸாக்கும் மக்கா. தின்னுக்கோ.”

இரவு மகளுக்கு விளித்து, போனிலேயே சொல்லிக் காட்டுவாள். ரெஜிஷா கேட்டுவிட்டு, “கொள்ளாம்மா, நல்லா வருது” என்பாள். அந்த ‘கொள்ளாம்மா’வுக்காக சத்தியபாய் மறுநாள் இன்னொரு குலை காயைச் சீவினாள்.

பரீட்சை நாளில் தாடைப் பலகை ஆறு தடவை சுத்தமாக முட்டியது. நாலாவது துண்டில் சத்தியபாயின் குரல் போன்குரல் மாதிரியே ஏறி இறங்கியது. ஏசுஅடிமை “பாஸ்” என்று சொல்ல வாயெடுத்துவிட்டார். அப்போதுதான் கமிட்டி உறுப்பினர் கிருபாகரன் விரலை நீட்டினார்.

“ஒரு சந்தேகம். வார்த்தையில ஆறு துண்டு. நம்ம சபையில எத்தனை வார்டு?”

எல்லாரும் விரல் மடக்கி எண்ணினார்கள். ஆறு வார்டு.

மக்களே, அந்தச் சபையை அறியாதவர்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். ஆனால் அங்கே எதுவும் வார்டு பார்க்காமல் நடந்ததில்லை. அசனத்துக்கு அரிசி முதல் வார்டு, விறகு இரண்டாம் வார்டு, குளச்சலில் போய் மீன் ஏலம் பிடித்து வருவது மூன்றாம் வார்டு. கோயில் தூண்களுக்கு வெள்ளை அடிப்பதுகூட வார்டுக்கு ஒரு தூண். தூண் மிஞ்சினால் அதை அடிக்காமல் விட்டுவிடுவார்கள். ஆறு துண்டு இருக்கிற வார்த்தையைக் கண்டால் அவர்களுக்குக் கை நமநமக்காமல் இருக்குமா?

“நாலாவது துண்டு நாலாம் வார்டு,” என்றார் கிருபாகரன். “அதாவது மேலவிளை. ஒற்றுமை அணி ஜெனினுக்க வார்டு. மொத்த அழுத்தத்தையும் அவனுக்குத் தூக்கிக் குடுக்கவா நாம ஜெயிச்சு வந்தோம்?”

“அழுத்தத்த நாம குடுக்கல்லியே, டிக்ஷனரியில அப்படித்தானே இருக்கு…” என்று சத்தியபாய் மெதுவாகச் சொன்னாள்.

ஏசுஅடிமை அவளைக் கருணையோடு பார்த்தார். “தங்கச்சி, டிக்ஷனரிக்கு நம்ம சபையில ஓட்டு இல்ல.”

ஓட்டெடுப்பு நடந்தது. அழுத்தம் இரண்டாவது துண்டான ‘பான்’மீது விழ வேண்டும் என்று தீர்மானமானது. இரண்டாம் வார்டு கீழவிளை. ஏசுஅடிமையின் வீடு கீழவிளையில் இருந்தது தற்செயல்தான் என்று தீர்மானத்திலேயே ஒரு வரி சேர்த்தார்கள். ஆறாம் வார்டான ஆலடிவிளைக்கு வார்த்தையின் வால் கிடைத்தது. வாலையும் முழுதாகச் சொல்லாமல் விழுங்குகிறார்கள் என்று ஆலடிவிளைக்காரர்களுக்கு வருத்தம்.

“நீ இனி ‘பான்’லதான் அழுத்தணும். அடுத்த வாரம் வா,” என்று சத்தியபாயை அனுப்பினார்கள். அவள் போய் இரண்டாவது வட்டத்தைத் தடியாகச் சீவத் தொடங்கினாள். நாக்கு ஒருநாளில் மாறுமா? ‘பான்’ என்று அழுத்தும்போதெல்லாம் வெற்றிலைக் கடையில் நிற்கிற மாதிரி இருந்தது.

மேலவிளை சும்மா இருக்கவில்லை. ஜெனின் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறவர். மேலிடத்துக்கு மனு எழுதுவது அவருக்குச் சாயா குடிப்பது மாதிரி. ‘எங்கள் துண்டுக்குப் பிறவியிலேயே உரிய அழுத்தத்தைப் பறித்துவிட்டார்கள்’ என்று மேல்முறையீடு போனது. மேலிடத்திலிருந்து தடை வந்தது. விசாரணை முடியும்வரை நாலாவது துண்டை எவரும் வாய்திறந்து சொல்லக் கூடாது; இருக்கிற நிலை அப்படியே தொடர வேண்டும்.

ஒரு துண்டுக்கு ‘இருக்கிற நிலை’ என்றால் என்ன என்று ஊரில் யாருக்கும் விளங்கவில்லை. அந்த நேரத்தில் வாயைத் திறந்தவன் திறந்தபடி நிற்க வேண்டும் என்று ஒரு சாரார். மூடியவன் மூடியபடி நிற்க வேண்டும் என்று மறு சாரார். கடைசியில் கமிட்டி வழி கண்டது. நாலாவது துண்டு வருகிற இடத்தில் பேசுகிறவர் நிறுத்தி, தலைகுனிந்து, அந்தத் துண்டு சொல்லப்பட்டதாகப் பாவித்து, பிறகு அடுத்த துண்டுக்குப் போக வேண்டும்.

நோய் மற்ற வார்த்தைகளுக்கும் பரவியது. காய்ச்சலுக்கு மாத்திரை வாங்கப் போனவர்கள் மருந்துக் கடை வாசலில் நின்று பாரசிட்டமாலைப் பங்கு வைத்தார்கள். அதில் ஐந்து துண்டுதான் இருந்தது. தங்களுக்குத் துண்டில்லாத மாத்திரையை ஆலடிவிளைக்காரர்கள் ஒரு வாரம் புறக்கணித்து, கஷாயம் குடித்துக் கிடந்தார்கள்.

சத்தியபாய் இதையும் பழகினாள். ரெஸ், பான், ஸி என்று மூன்று வட்டம் சீவி, கத்தியை அந்தரத்தில் நிறுத்தி, தலைகுனிந்து, பிறகு லி, டி. வாடிக்கைக்காரர்கள் அவள் எண்ணெய்ச் சட்டிக்கு ஜெபம் பண்ணுகிறாள் என்று எண்ணித் தாங்களும் தலைக்கட்டை அவிழ்த்தார்கள். அவளுக்கு எதுவும் வேண்டாம். மகளின் கையை ஒரு தடவை பிடித்துக்கொண்டு அந்தப் படியில் நிற்க வேண்டும். அதற்கு ‘பி’யை விழுங்கச் சொன்னால் விழுங்குவாள்; தாடையைக் கழற்றி வைக்கச் சொன்னாலும் வைப்பாள்.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் சபை அறிக்கைப் பலகையில் ஒட்டியிருந்தார்கள். ‘மணமகள் ரெஜிஷாவின் தாயார் தேர்ச்சி பெறாததால், சபை விதிப்படி பதில் தாயாகத் திருமதி சிந்தியா ஜெனின் நியமிக்கப்படுகிறார்.’

சத்தியபாய் அதை வாசித்தாள். மறுபடி வாசித்தாள். பதில் தாய். தமிழ்தான். ஒரு துண்டும் விழுங்காமல் தெளிவாக எழுதியிருந்தது.

அவள் நேரே ஏசுஅடிமை வீட்டுக்குப் போனாள். இந்தத் தடவை கையில் பொட்டலம் இல்லை. அவர் முற்றத்தில் ஜெனினோடு சேர்ந்து ஒரு பிளக்ஸ் பேனரை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். வருகிற சபைத் தேர்தலில் அவர் போட்டியின்றித் தேர்வாகிறார் என்று அதில் போட்டிருந்தது. ஓரத்தில் ஜெனினின் படமும் இருந்தது. சமாதானமும் ஒற்றுமையும் கூடிவிட்டன. சத்தியபாயைக் கண்டதும் ஜெனின், “அப்ப நான் வாறேன் அண்ணாச்சி” என்று பைக்கை எடுத்தார்.

“அண்ணா, ரெண்டாவது பரீச்சை இன்னும் நடக்கவே இல்லியே. எப்படித் தோத்தேன்?”

“இரி பிள்ளே. வெப்ராளப்படாதே. உன்னை யாரும் தோக்கடிக்கல்ல. உனக்க வெற்றியை ஒத்தி வச்சிருக்கு.”

“கல்யாணத்தை ஒத்தி வைக்க முடியாதே.”

“அதுக்குத்தானே பதில் தாய்!” அவர் முகத்தில் ஒரு பெருமிதம்கூட வந்தது. “பாரு, ஜெனின் மேல்முறையீட்டை வாபஸ் வாங்குதான். நாலாவது துண்டுக்கு அழுத்தத்தை நாங்க கொள்கை அளவில திருப்பிக் குடுக்கோம். சபையில சண்டை தீந்து போச்சு. ஒரு நிமிஷம் சிந்தியா அந்தப் படியில நிண்ணா ஆறு வார்டுக்கும் சமாதானம். இதை நீ தியாகமா எடுத்துக்கிடணும். தியாகம் பண்ணுகதுக்கு எல்லாருக்கும் வாய்க்காது. எனக்கெல்லாம் வாய்க்கவே இல்ல.”

“பத்து மாசம் சுமந்தது நானாக்கும்.”

“அதை யாரு இல்லண்ணா? தீர்மானத்துல தெளிவாப் போட்டிருக்கு. ‘பெற்ற தாய் என்ற அந்தஸ்து எவ்வகையிலும் பாதிக்கப்படாது.’ நான்தான் அந்த வரியைச் சேக்கச் சொன்னேன். உனக்காக.”

“தங்கையன் பேரைச் சொல்லி வாக்குக் குடுத்திய அண்ணா.”

“வாக்குக் குடுத்தது அண்ணன். தீர்மானம் போட்டது செயலாளர்,” என்றார் ஏசுஅடிமை. இரண்டு பேரும் வேறு வேறு வீட்டில் குடியிருப்பதுபோல அதைச் சொன்னார்.

“எனக்க மோளு இதுக்குச் சம்மதிக்க மாட்டா. இன்னொருத்தி கையைப் பிடிச்சுக்கிட்டு நிப்பாளா அவ? அவ வந்து கேக்கட்டும் உங்கள.”

ஏசுஅடிமை பேனரைச் சுருட்டத் தொடங்கினார். சுருட்டி முடித்துக் கயிறு கட்டினார்.

“அவளிட்டக் கேக்காமலா செய்வோம் தங்கச்சி? அவளேதான் எனக்கு விளிச்சா. ‘சிந்தியா ஆன்ட்டி கனடாவுல இருந்தவங்க, அவங்க சொன்னா நல்லா இருக்கும் மாமா, அம்மா மனசு நோகாம ஏதாவது செய்யுங்க’ண்ணா. உனக்க மனசு நோகப்பிடாதுண்ணுதான் விதியில கொண்டு வந்தோம். விதியில வந்தா யாருக்க மனசும் நோகாதுல்லா?”

சத்தியபாய் அதை நம்பவில்லை. வழியெல்லாம் நம்பவில்லை. ரெஜிஷா பெங்களூரிலிருந்து வந்து இறங்கி, குளித்து, தலை துவட்டிக்கொண்டு அடுக்களையில் வந்து உட்காரும்வரை நம்பவில்லை.

“மோளே, ஏசுஅடிமை மாமாவுக்கு நீ விளிச்சியா?”

துண்டு ரெஜிஷாவின் தலையிலேயே நின்றுவிட்டது. அதற்கு மேல் சத்தியபாய்க்குப் பதில் தேவைப்படவில்லை. ஆனாலும் மகள் சொன்னாள்.

“லைவ் போகுதும்மா. அங்க ஷாஜன் ஆபீஸ்ல உள்ளவங்க எல்லாரும் பாப்பாங்க. அண்ணைக்கு வீடியோ கால்ல நீங்க பேசினதுக்கு அவருக்க தங்கச்சி சிரிச்சா. எனக்கு ஒருமாதிரி ஆயிப்போச்சு. உங்களப் பாத்து யாரும் சிரிக்கப்பிடாதும்மா. அதுக்குத்தான்.”

“சிரிக்கப்பிடாதுண்ணு என்னையே மாத்திட்டியா?”

“ஒரே ஒரு வாக்கியம்தானேம்மா.”

“ஆமா. ஒரே ஒரு வாக்கியம்தான்.”

“நீங்க கோவப்படாதீங்கம்மா…”

“கோவம் ஒண்ணுமில்ல. நீ போன்ல கொள்ளாம் கொள்ளாம்னியே. அது எதுக்கு?”

ரெஜிஷா அழுதாள். சத்தியபாய் எழுந்து அவள் தலையைத் துவட்டிவிட்டாள். ஈரத்தோடு இருந்தால் கல்யாண நேரத்தில் சளி பிடித்துக்கொள்ளும்.

கல்யாணத்தன்று கோயில் நிறைந்திருந்தது. மெல்பர்ன்காரர்கள் முன்வரிசையில் விசிறிக்கொண்டிருந்தார்கள். கேமரா நாலு பக்கமும் நின்றது. சத்தியபாய்க்கு ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். அதன் முதுகில் ‘தாய் (பெற்ற)’ என்று காகிதம் ஒட்டியிருந்தது. விதிகளை நுணுக்கமாகக் கடைப்பிடிக்கிற சபை.

போதகர் தலையசைத்ததும் சிந்தியா பட்டுப்புடவை சரசரக்கப் படியேறினாள். ரெஜிஷாவின் கையைப் பிடித்தாள். அவள் நல்ல பெண். அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிடித்த கை ஜில்லிட்டிருந்ததால், “டென்ஷன் ஆகாத மக்ளே” என்று காதில்கூடச் சொன்னாள். பிறகு கேமராவைப் பார்த்து, கனடாவில் இருந்த குரலில், அந்த வாக்கியத்தைத் தொடங்கி, அந்த வார்த்தைக்கு வந்தாள்.

“ரெஸ்பான்ஸி…”

“நிறுத்துங்க!” ஆறாம் வார்டிலிருந்து ஒரு குரல். “வாபஸ் உத்தரவு கைக்கு வந்தாச்சா? தடை இன்னும் நிக்குல்லா?”

ஏசுஅடிமை எழுந்து ஜெனினைப் பார்த்தார். ஜெனின் போனைப் பார்த்தார். மேலிடத்திலிருந்து உத்தரவு வந்திருக்கவில்லை. அன்றைக்கு அங்கே விடுமுறை. ஏசுஅடிமை இரண்டு கையையும் தாழ்த்தி சிந்தியாவுக்குச் சைகை காட்டினார். கனடாவிலிருந்து வந்த வாய் அப்படியே மூடிக்கொண்டது. அவள் தலைகுனிந்தாள். விதி தெரிந்த சபை முழுவதும் தலைகுனிந்தது. மெல்பர்ன்காரர்கள் சுற்றிலும் பார்த்துவிட்டு, ஏதோ புனிதமான இடம் என்று தாங்களும் குனிந்தார்கள். எந்தத் துண்டுக்காக ஊரே அடித்துக்கொண்டதோ, எந்தத் துண்டுக்காக ஒருத்தி தன் நாற்காலிக்கு அனுப்பப்பட்டாளோ, அந்தத் துண்டு சொல்லப்படாமலே கோயிலைக் கடந்து போனது.

“…லிட்டி,” என்று சிந்தியா முடித்தாள்.

“ஆமென்,” என்றது சபை.

ரெஜிஷாவின் கை மாப்பிள்ளை கைக்குப் போனது. போகிற வழியில் அவள் ஒருதரம் திரும்பிப் பார்த்தாள். சத்தியபாய் அப்போதும் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. விதிப்படி நிமிர்த்த வேண்டிய நேரம் தாண்டிவிட்டது.

விருந்து பக்கத்து ஹாலில் நடந்தது. மெல்பர்னிலிருந்து வந்திருந்த மாப்பிள்ளையின் அத்தை சிந்தியாவைக் கட்டிப்பிடித்து முத்தமிட்டாள். இப்படியொரு உருக்கமான தாயைத் தான் பார்த்ததே இல்லை என்றும், நடுவில் வார்த்தை வராமல் அவள் தவித்து நின்ற அந்த நிமிஷத்தில் தனக்கு அழுகை வந்துவிட்டது என்றும் இங்கிலீஷில் சொன்னாள். சிந்தியா மறுத்துப் பார்த்தாள். மறுப்பைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டு அத்தை இன்னொரு முத்தம் கொடுத்தாள். ஏசுஅடிமை நெய்மீன் துண்டோடு பக்கத்தில் நின்று, எல்லாவற்றையும் தானே பெற்று வளர்த்த மாதிரி சிரித்துக்கொண்டிருந்தார்.

அத்தை அப்படியே திரும்பினாள். ரெஜிஷாவின் முந்தானை மடிப்பைக் குனிந்து சரிசெய்துகொண்டிருந்த சத்தியபாயைப் பார்த்தாள். முகம் எங்கோ பார்த்த மாதிரி இருந்தது போலும். ஆனால் வீடியோ காலில் தெரிந்தது பாதி முகமும் மீதி கூரையும்தான்.

“அண்ட் ஹூ இஸ் திஸ் லேடி?” என்று ரெஜிஷாவிடம் கேட்டாள்.

ரெஜிஷா வாயைத் திறந்தாள். சத்தியம் மக்களே, அவள் சொல்லத்தான் போனாள். உதடு கூடியும் விட்டது. ஆனால் கண் ஒரு கணம் கேமராவின் பக்கம் போய்த் திரும்பியது. ஒரு கணம்தான். பெற்றவளுக்கு அது போதும்.

சத்தியபாய் நிமிர்ந்து, சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு, அத்தைக்குக் கைகொடுத்தாள்.

“நெய்பர்,” என்றாள்.

முதல் துண்டில் குரல் ஏறி நின்றது. இரண்டாவது துண்டு வழுக்கிக்கொண்டு ஓடியது. ஒரு தடுமாற்றமும் இல்லை. அத்தை “ஓ, லவ்லி” என்றாள். ரெஜிஷாவின் திறந்த வாய் திறந்தபடி நின்றது.

ஏசுஅடிமை மீன் துண்டைத் தட்டில் வைத்துவிட்டுக் கைதட்டினார்.

“கேட்டியளா! ஸ்ட்ரெஸ் அச்சாணி மாதிரி விழுந்திருக்கு! நான் சொன்னேம்லா தங்கச்சி, உனக்கு வருமுண்ணு? இந்த வார்த்தைக்கு நீ இப்பமே பாஸ்!”